ஆடி மாதத்து வெருகல் ஆறு

ஆடி பிறந்து இரண்டாம் வாரத்தில் வெருகல் ஆற்றுக்கு வருகிறேன் என்று தொலைபேசியில் சொன்னபோது, "இப்ப வந்து என்னத்தப் பாக்கப் போறாய் மகள், ஆத்தில மண்தானே கிடக்கு" என்றார் மாமா. அம்மாவின் கடைசித் தம்பியான அவர் ஈச்சிலம்பற்றுப் பக்கத்தில் மாட்டுப்பட்டி வைத்திருப்பவர். பிறந்ததிலிருந்து அந்த ஆற்றோடு வாழ்பவர். அந்த மண்ணைப் பார்க்கத்தான் வருகிறேன் என்று நான் சொன்னதை அவர் விளையாட்டாக எடுத்துக்கொண்டார். திருகோணமலை நகரத்தில் என்னோடு படிப்பிக்கும் ஆசிரியர்களும் ஏறக்குறைய அதையேதான் கேட்டார்கள். பறவை பார்ப்பதென்றால் மாரி முடிந்து குளங்கள் நிறைந்திருக்கும் தை, மாசியில் போக வேண்டும், காய்ந்த ஆற்றில் என்ன இருக்கும் என்பது பொதுவான எண்ணம். ஐந்து வருடங்களாக ஆடியிலும் ஆவணியிலும் இந்த ஆற்றுக்குப் போய்வருகிறேன். நிறைந்த குளத்தில் காணமுடியாத ஒன்று இந்த மணலில் நடக்கிறது. அதை ஒரு காலை நேரத்தின் அளவிலாவது எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து, கடலை நெருங்கும் இடத்தில் பிரிகிறது. ஒரு கிளை மூதூர்ப் பக்கமாகப் போய்க் கொட்டியாரக்குடாவில் விழ, தெற்கே பிரிந்து வரும் கிளையை நாங்கள் வெருகல் ஆறு என்கிறோம். எங்கள் மாவட்டத்துக்குப் பெருமழை தருவது ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கும் வாடைதான். வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் கச்சான், மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே தன் ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு, எங்களிடம் வரும்போது அடுப்பங்கரைக் காற்றாக வருகிறது. அதோடு 1976 இல் பொல்கொல்லையில் நீரைத் திருப்பினார்கள். 1985 இல் 122 மீற்றர் உயர விக்டோரியா அணை எழுந்தது. இவற்றுக்குப் பிறகும் மேலே பல நீர்த்தேக்கங்கள் வந்துவிட்டன. ஆகவே ஆடியில் இங்கே ஓடுவது, அகன்ற மணற்படுகையின் ஓர் ஓரமாக ஒதுங்கிப்போன, முழங்கால் நனையும் நீர்தான். நடுவில் அங்கங்கே ஆழமான மடுக்கள் மட்டும் கறுத்துக் கிடக்கும். மற்றதெல்லாம் வெண்மணல்.

இதைப் பாலை என்று சொல்லலாமா என்று நான் யோசித்ததுண்டு. நம் பழைய திணை மரபில் பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து தம் இயல்பு திரிந்து நிற்கும் நிலையே பாலை. அந்தக் கணக்கில் எங்கள் ஊர் வருடத்தில் ஐந்து மாதம் பாலையாகவும் ஏழு மாதம் மருதமாகவும் இருக்கிறது. உண்மையான பாலைவன ஆறுகள் வேறு. அரவல்லி மலையில் பிறந்து தார்ப் பாலைவனத்தின் ஓரமாக ஏறத்தாழ 495 கிலோமீற்றர் ஓடும் லூணி ஆறு, பாதி வழியில் உவர்ப்பாகி, கடலைச் சேராமலே கச்சு உவர்நிலத்தில் அடங்கிவிடுகிறது. அப்படிப்பட்ட இடங்களில் ஆறு என்பது உயிர்கள் ஒட்டிக்கொண்டு வாழும் ஒற்றைக்கோடு. எங்கள் ஆறு அத்தனை கொடுமையானது அன்று. ஆனாலும் அந்தக் கோட்டைச் சுற்றி உயிர்கள் ஒடுங்கி நெருங்கும் விதம் ஒன்றேதான்.

முதல் நாள் பின்னேரமே புறப்பட்டேன். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின் இந்தப் பயணம் எளிதாகிவிட்டது. என் சிறுவயதில் வழியில் குறுக்கிடும் ஒவ்வோர் ஆற்றிலும் பாதை எனப்படும் மிதவைப் படகு வரும்வரை காத்துநின்று, பஸ்ஸை அதில் ஏற்றி இறக்கி, அம்மாவின் ஊரைச் சேர்வதற்குள் ஒரு பகல் கழிந்துவிடும். அந்தக் காத்திருப்பில்தான் முதன்முதலாக மீன்கொத்தியை நின்று பார்த்தேன் என்பதால் அந்தப் பழைய பாதைகளின்மீது எனக்கு இப்போதும் ஓர் அன்பு உண்டு. மாமா வீட்டில் இரவு யானைவெடிச் சத்தம் இரண்டு முறை கேட்டது. விடிவதற்கு முன் ஆற்றங்கரைக்குத் தனியாக இறங்கக்கூடாது என்பது அவருடைய கட்டளை. அது சரியான கட்டளை. பறவை பார்க்கும் ஆசையில் யானையையும் முதலையையும் மறந்துவிடுகிறவர்கள் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்றே நானும் சொல்வேன்.

நாலே முக்காலுக்கு இறங்கினோம். மாமா கையில் டோர்ச்சும் ஒரு தடியும், என் கழுத்தில் எட்டு மடங்கு பெருக்கும் பைனாகுலர். கரையிலுள்ள பற்றைக்குள்ளிருந்து பக்கி என்னும் இராப்பறவை கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நிதானமாகத் தொடங்கி, கடைசியில் விரைந்து அடங்கும் அதன் குரல், எங்கள் அம்மம்மா பாக்குரலில் வெற்றிலை இடிக்கும் சத்தத்துக்கு அப்படியே ஒத்துப்போகும்; முதல் இரண்டு இடி மெதுவாக, பிறகு கடகடவென்று. அதைச் சொன்னதும் மாமா இருட்டில் நின்றுவிட்டார். "ஓம் மகள், அம்மாட உரல்தான்" என்றார்.

மணலில் கால் வைத்ததும் குளிர்ந்திருந்தது. இந்தக் குளிர்ச்சிக்கு ஆயுள் மூன்று மணித்தியாலம். வெளிச்சம் பரவத் தொடங்கும்போது முதலில் தெரிவது பறவை அன்று, தடங்கள்தான். யானை ஒன்று மேற்குக் கரையிலிருந்து மடுவுக்கு வந்து திரும்பியிருந்தது. அகன்ற வட்டத் தடங்களின் ஓரம் இன்னும் இடிந்து சரியாததால் போய் அதிக நேரமாகவில்லை என்றார் மாமா. மடுவின் விளிம்பில் முதலையின் வயிறு இழுபட்ட வழவழப்பான பள்ளம். அவற்றுக்கு மேலாக, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, மயிலின் பெரிய மூன்றுவிரல் தடமும் உள்ளானின் ஊசித் தடமும். இரவு முழுவதும் அந்த மணல் ஒரு சந்தைத் தெருவாக இருந்திருக்கிறது.

முதலில் கண்டது பெரிய கண்கிலேடி. மணல்திட்டின் நடுவில் இரண்டு, சாம்பல் நிறக் கற்களைப் போல அசையாமல் நின்றன. தலைக்குப் பொருந்தாத அளவு பெரிய மஞ்சள் கண், மேல்நோக்கி வளைந்த கனத்த அலகு. இரவில் இரை தேடும் பறவை ஆதலால் விடியும்போது வேலை முடித்த களைப்போடு நிற்கும். நாங்கள் நூறு அடி தள்ளிப் போகும்வரை அவை தலையைத் திருப்பவே இல்லை. நெடுங்கால் உள்ளான்கள் பத்துப் பன்னிரண்டு நீரோரத்தில் தம் சிவப்புக் கால்களின் நிழல்மீதே நடந்துகொண்டிருந்தன. வழக்கம்போல ஆட்காட்டி எங்களைக் கண்டு ஊரைக் கூட்டியது. வேட்டைக்காரர் அதைச் சபிப்பார்கள். நானும் சில நேரம் சலித்துக்கொண்டதுண்டு. இப்போது அதன் குரல் எந்தத் திசையிலிருந்து கிளம்புகிறது என்று கவனித்து, அந்தத் திசையைத் தவிர்த்து நடக்கப் பழகிவிட்டேன். அது கத்தும் இடத்தில் பெரும்பாலும் அதன் முட்டையோ குஞ்சோ இருக்கும்.

மடுவைச் சுற்றித்தான் கூட்டம். ஆறு வற்றும்போது மீன்கள் மடுவுக்குள் ஒதுங்குகின்றன. மடு சுருங்கச் சுருங்க மீன் நெருக்கமாகிறது. மழைக்காலத்தில் மைல்கணக்கில் தேடவேண்டிய இரை ஒரு முற்றத்துக்குள் வந்து நிற்கிறது. சங்குவளை நாரைகள் அலகைப் பாதி திறந்து நீருக்குள் வைத்தபடி நடந்தன. அலகில் மீன் பட்டதும் மூடிக்கொள்வதற்குக் கண்ணின் உதவி தேவையில்லை. கலங்கிய நீரிலும் அவை பசியாறுவது இதனால்தான். நத்தைகுத்தி நாரை ஒன்று சற்றுத் தள்ளி, சேற்றிலிருந்து எடுத்த நத்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. அதன் மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவே எப்போதும் ஓர் இடைவெளி இருக்கும். சிறுபிள்ளையாக இருந்தபோது அது ஊனமுற்ற நாரை என்று நினைத்து நான் அழுதிருக்கிறேன். கரும்புள்ளி மீன்கொத்தி நீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, கல்லாய் விழுந்து, வெறுமனே எழுந்து, மறுபடி விழுந்து, மூன்றாம் முறை மீனோடு போனது. "நாரை எங்க நிக்குதோ அங்கதான் நாங்க வலை போடுவம். நாங்களாத் தேடினதில்ல" என்றார் மாமா.

அதற்கு அப்பால், ஆற்றின் நடுவே நீண்டு கிடந்த மணல்திட்டில்தான் அந்தக் காலையின் பெரும்பகுதியைக் கழித்தேன்.

சிறு உப்புக்கொத்தி ஒரு சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரியது. முதுகு ஈரமணலின் நிறம், வயிறு வெள்ளை, கழுத்தில் ஒரு கறுப்புப் பட்டி, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். மாமாவுக்கும் ஊராருக்கும் மணலில் ஓடும் சின்னப் பறவை எல்லாமே உள்ளான்தான். தூரத்திலிருந்து வருபவை மாரிக்காலத்தில் நிறைய உண்டு; ஆனால் ஆடியில் கண்ணில் படுவது பெரும்பாலும் இங்கேயே பிறந்து இங்கேயே முட்டையிடும் உள்ளூர்ப் பறவை. அது பத்தடி ஓடும், நிற்கும், குனிந்து கொத்தும், மறுபடி ஓடும். அன்று நான் கண்ட பறவை அப்படி ஓடவில்லை. என்னைக் கண்டதும் ஒரு சிறகைத் தரையில் இழுத்து, வாலை விரித்து, ஒடிந்து விழுந்ததைப் போலத் துடித்துத் துடித்து விலகியது. என்னையறியாமல் இரண்டடி அதன் பின்னே போய்விட்டேன்.

"கிட்டப் போகாத மகள். அது உன்னக் கூட்டிக்கொண்டு போகுது" என்றார் மாமா. "முட்டை இஞ்சால இருக்கும். காலடியப் பாத்து வை."

வந்த தடத்திலேயே பின்வாங்கி, நாற்பது அடி தள்ளி, வெள்ளத்தில் வந்து ஒதுங்கிக் கிடந்த மருதங்கட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். ஐந்து நிமிடத்தில் அதன் சிறகு குணமாகிவிட்டது. நேராக வராமல், இடமும் வலமுமாக ஓடி, நின்று, எங்களைப் பார்த்து, கடைசியில் மணலில் ஓரிடத்தில் அமர்ந்தது. பைனாகுலரில் அந்த இடத்தைக் கண்டுபிடித்து மனத்தில் குறித்துக்கொண்ட பிறகும், அது எழுந்த கணத்தில் முட்டைகளைக் காண எனக்கு நெடுநேரம் எடுத்தது. கூடு என்று ஒன்றில்லை. உள்ளங்கை கொள்ளும் ஒரு குழி, அதில் சில சிப்பித் துண்டுகள், மூன்று முட்டைகள். சாம்பல் கலந்த மணல் நிறத்தில் பழுப்புப் புள்ளிகள். கூர்முனை மூன்றும் உள்நோக்கியிருந்தன. கண்ணை இமைத்தால் மறைந்துவிடும், மீண்டும் தேட வேண்டும்.

எட்டரைக்குப் பின் மணல் சுடத் தொடங்கியது. மற்றப் பறவைகள் அடைகாப்பது முட்டைக்குச் சூடு கொடுப்பதற்கு. இங்கே அதற்கு நேர்மாறு. பகலில் இந்தத் தாயின் வேலை முட்டையை வெயிலிலிருந்து காப்பது. அது குழியின்மேல் படுக்காமல், கால்களை ஊன்றி, உடலைச் சற்று உயர்த்தி, நிழல் முட்டைகள்மேல் விழும்படி நின்றது. அலகு திறந்து மூச்சிரைத்தது. ஒன்பதரை அளவில் அது சட்டென்று எழுந்து நீரோரத்துக்கு ஓடி, வயிற்றை நீரில் அமிழ்த்தி இரண்டு முறை ஆட்டி, சொட்டச் சொட்டத் திரும்பி வந்து முட்டைகளின்மேல் அமர்ந்தது. அது போன இடைவெளியில், அதுவரை நாங்கள் காணாத இணை எங்கிருந்தோ ஓடிவந்து நிழல் கொடுத்து நின்றது. அடுத்த நாற்பது நிமிடத்தில் இரண்டும் மாறி மாறி ஆறு முறை நீருக்குப் போய்வந்தன. ஈர வயிறு முட்டையில் பட்டதும் ஓட்டின் நிறம் கறுக்கிறது. வெயிலில் மெல்ல வெளுக்கிறது. வெளுத்து முடிவதற்குள் அடுத்த ஈரம் வருகிறது. பாலைவனத்துக் கல்கவுதாரியில் ஆண் பறவை, நீரைப் பிடித்துவைக்கவென்றே அமைந்த வயிற்றுத்தூவிகளை நனைத்து, கிலோமீற்றர் கணக்கில் பறந்து குஞ்சுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் என்று படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அந்தப் பறவை இலங்கையில் என் கண்ணில் படப்போவதில்லை. ஆனால் இருபதடி தூரத்துக்கு அதே தண்ணீரைச் சுமக்கும் பறவை அம்மாவின் ஊரில் இருக்கிறது.

ஆற்றில் நீர் நிறைந்திருந்தால் இந்தப் பறவைக்கு இடமில்லை என்பதை அந்தக் கட்டைக்குப் பின்னால் இருந்துதான் முதன்முதலாக முழுமையாக உணர்ந்தேன். புல் முளைத்தாலும் இடமில்லை. பாம்பும் கீரியும் ஒளிந்துவர வழியாகிவிடும். நாலாபுறமும் தெரியும் வெறுமணல் வேண்டும், பக்கத்தில் நீர் வேண்டும், அந்த மணலை மாரி வெள்ளம் ஆண்டுதோறும் கழுவிப் புதிதாக்கித் தர வேண்டும். சிறிய ஆலாவும் இப்படித்தான் வெறுமணலில் முட்டையிடுகிறது. மன்னாரிலும் அம்பாந்தோட்டையிலும் உவர்நிலங்களில் வாழும் இன்னோர் உப்புக்கொத்தியை, ஐரோப்பா வரை பரவியுள்ள இனத்தின் கிளை என்று நெடுங்காலமாகக் கருதிவந்தார்கள். 2023 இல் அது தனி இனம் என்று ஆய்வாளர் நிறுவி, இராமர் பாலத்தை நினைத்து அனுமனின் பெயரை அதற்குக் கொடுத்தார்கள். நம் காலடியில் ஓடிய பறவையை அடையாளம் காணவே இத்தனை காலம் எடுத்திருக்கிறது.

பத்து மணிக்கு முன்பே உழவு மெசின் சத்தம் கேட்டது. திட்டின் மறுகோடியில் மண் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்று பெட்டிகள், ஆறேழு பையன்கள், மண்வெட்டி விழும் சீரான ஓசை. அவர்களில் இருவர் மாமாவுக்கு உறவு. அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. ஆடியில் வயலுமில்லை, கச்சான் அடிக்கும்போது எல்லா நாளும் கடலுக்குப் போகவும் முடியாது. 2006 இல் இந்தக் கிராமங்கள் முழுவதும் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, ஒவ்வொரு வீடாக மீண்டும் எழுப்பியது இந்த ஆற்று மண்ணில்தான். நகரத்தில் நான் இருக்கும் வீட்டுச் சுவரிலும் இந்த மண்தான் இருக்கிறது. என் வருத்தம் வேறு. முன்பெல்லாம் எடுத்த மண்ணை அடுத்த வெள்ளம் கொண்டுவந்து நிரப்பிவிடும். இப்போது மேலிருந்து வரவேண்டிய மணலில் பெரும்பங்கு நீர்த்தேக்கங்களின் அடியில் தங்கிவிடுகிறது. எடுத்தது குழியாகவே நிற்கிறது. குழியில் உவர்நீர் ஏறுகிறது, கரை சரிகிறது, கரையோடு மருதமரமும் சரிகிறது. பங்குனி முதல் ஆவணி வரை நடுத்திட்டுகளை விட்டுவிட்டு ஓரங்களில் மட்டும் எடுப்பது என்ற ஒரு சிறிய ஒழுங்கு போதும், இந்தப் பறவைகள் பிழைத்துக்கொள்ளும். அனுமதிப்பத்திரம் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் இதைச் சொல்லப் போய், "டீச்சர், குருவிக்காக மண்ண நிப்பாட்டச் சொல்றீங்களா" என்ற கேள்வியோடு திருப்பி அனுப்பப்பட்டேன். மறுபடியும் போவேன்.

மாமா எழுந்து அந்தப் பையன்களிடம் போனார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வரும்போது அவர்களில் ஒருவனையும் கூட்டிவந்தார். இருவருமாக இரண்டு பெரிய கட்டைகளை உருட்டி, மெசின் வரும் தடத்துக்குக் குறுக்கே, கூட்டிலிருந்து நன்றாகத் தள்ளிப் போட்டார்கள். முட்டைக்குப் பக்கத்தில் தடி நட்டு அடையாளம் வைக்கலாமா என்று பையன் கேட்டான். வேண்டாம் என்றேன். தடி நட்டால் காகம் வந்து அதில் இருந்துகொள்ளும். மீதியை அது பார்த்துக்கொள்ளும். பையனிடம் பைனாகுலரைக் கொடுத்தேன். அவன் நெடுநேரம் பார்த்தான். "தண்ணி கொண்டு வருது" என்று மட்டும் சொன்னான்.

அதற்குமேல் அங்கே இருப்பது பறவைகளுக்குத் தொல்லை. கரையேறி மருதமர நிழலுக்கு வந்தோம். பாலைப்பழத்தின் கடைசிக் காய்ப்பில் பச்சைப்புறாக்கள் சலசலத்துக்கொண்டிருந்தன. இருவாச்சிச் சோடி ஒன்று ஆற்றைக் கடந்து போனது. வேலிக்கம்பியில் சின்னப் பஞ்சுருட்டான் குஞ்சுகள் நான்கு, தோளோடு தோள் ஒட்டி, தாயின் வாயிலிருக்கும் தட்டானுக்காகக் காத்திருந்தன. புறப்படும் நேரத்தில் நீரோரத்துக் கல்லில் ஒற்றை உள்ளான் ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டேன். வடக்கே குளிர்நாட்டில் கோடையைக் கழித்துவிட்டு வந்திறங்கிய, இந்தப் பருவத்தின் முதல் வருகையாளர். இங்குள்ளவை முட்டையைக் காத்துக்கொண்டிருக்கும்போதே, அங்கே குஞ்சு பொரித்து முடித்தவை வரத் தொடங்கிவிட்டன. திகதியைக் குறித்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் மாமா தொலைபேசி எடுத்தார். "மகள், குழி வெறுமையா இருக்கு. ஓட்டுத் துண்டும் இல்ல."

குஞ்சு பொரித்தால் தாய்ப்பறவை ஓட்டை எடுத்துத் தூரப் போட்டுவிடும். உடும்பு வந்திருந்தாலும் குழி வெறுமையாகத்தான் இருக்கும். பக்கத்தில் ஏதாவது தடம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"கச்சான் எல்லாத்தையும் அழிச்சிட்டு. ஆனா அந்தக் குருவி அங்கயேதான் நிக்குது. நான் போனதும் செட்டை ஒடிஞ்ச மாதிரி விழுந்து விழுந்து கத்துது. நான் திரும்பி வந்துட்டன். மாட்ட அந்தப் பக்கம் விடல்ல" என்றார்.